பச்சை என்று ஒரு நிறம் இல்லை

(நடுவட்டத்தில் ஓவிய மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

மாலை வரை கொழுந்தெடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் வண்ணப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இவர் எப்போது பேசி முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வண்ணக் கோட்பாடு. கோட்பாடு என்றதும் கொட்டாவி வரும். வர வேண்டாம். நான் பேசப்போவது பச்சையைப் பற்றி. மஞ்சைப் பற்றி. இந்த ஊர்ச் சிங்கோனா மரப்பட்டையைப் பற்றி. உங்கள் வீட்டு வாசல் மண்ணைப் பற்றி. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். எந்த நிறமும் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது இன்னதென்று தெரிகிறது. இதைப் புத்தகத்தில் படிக்கலாம், பரீட்சையில் எழுதலாம், மதிப்பெண் வாங்கலாம். ஆனால் தூரிகையைப் பிடித்துத் தீட்டாமல் இது கண்ணுக்குள் இறங்காது.

இங்கே பாருங்கள். என் இடக்கையில் சிவப்பு அட்டை, வலக்கையில் பச்சை அட்டை. இரண்டின் நடுவிலும் ஒரு சாம்பல் நிறத் துண்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டு துண்டும் ஒரே நிறமா, வேறு வேறா? சொல்லுங்கள். வேறு என்கிறீர்கள். சிவப்புக்கு நடுவில் இருப்பது கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது, பச்சைக்கு நடுவில் இருப்பது கொஞ்சம் சிவந்து தெரிகிறது. இப்போது துண்டுகளைப் பிய்த்து வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைக்கிறேன். என்ன ஆயிற்று? ஒரே தாளிலிருந்து வெட்டிய துண்டுகள் இவை. கண் நம்மை ஏமாற்றிவிட்டதா? இல்லை. கண் எப்போதும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. அதன் வேலையே அதுதான்.

இதைக் கண்டு சொன்னவர் ஓவியர் இல்லை, வேதியியல்காரர். பிரான்சில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம். 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார் ஷெவ்ரோல். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை, சாயம் மட்டம் என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. அப்படியென்றால் குறை எங்கே? அந்தக் கறுப்பு நூலை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்திருந்தார்கள். அண்டை நிறம் கறுப்பின் வலுவைக் குறைத்துவிட்டது. சாயத்தொட்டியில் தேடிய குறை தறியில் இருந்தது. இந்த ஒரு புகாரைப் பிடித்துக்கொண்டு போய் 1839இல் பெரிய நூலே எழுதிவிட்டார். பின்னால் வந்த ஓவியர்கள், புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்த சோரா உட்பட, அவரிடம்தான் பாடம் கேட்டார்கள். அந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது உபரிச் செய்தி. நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடுமோ என்னவோ!

சரி, பிரான்சை விடுவோம். நம் சரிவுக்கு வருவோம்.

தேயிலைத் தோட்டத்தை வரைந்து வா என்று ஒரு மாணவனிடம் சொன்னால் என்ன செய்கிறான்? பெட்டியைத் திறக்கிறான். அதில் இரண்டோ மூன்றோ பச்சை இருக்கிறது. ஒன்றைப் பிதுக்குகிறான். தாளின் முக்கால் பாகத்தை நிரப்புகிறான். மேலே நீலம். நடுவில் ஒரு பங்களா. முடிந்தது படம்! பார்ப்பவர் என்ன சொல்வார்? 'எஸ்டேட் மாதிரி இருக்கிறது' என்பார். மாதிரிதான் இருக்கும். எஸ்டேட் அதில் இருக்காது.

ஏன் இருக்காது? பச்சை என்று ஒரு நிறம் இந்தச் சரிவில் எங்குமே இல்லை, அதனால்தான். நாளைக் காலை மலைச்சரிவுப் பாதையில் நின்று பாருங்கள். செடியின் தலையில் இருக்கும் கொழுந்து மஞ்சள் கலந்தது. வெயில் பின்னாலிருந்து அடித்தால் ஏறக்குறைய மஞ்சளே. அதற்குக் கீழே முற்றிய இலை. அதன் மேற்பரப்பு வழவழப்பானது. அது வானத்தை வாங்கித் திருப்பிக் காட்டுகிறது. எனவே நீலச் சாம்பல். செடிக்கும் செடிக்கும் இடையே உள்ள நிழலில் பச்சை செத்துப்போய்ப் பழுப்பும் கறுப்பும்தான் மிச்சம். காற்றடித்தால் சில்வர் ஓக் மரம் இலையைத் திருப்பி வெள்ளையைக் காட்டும். சோலைக்காட்டு ஓரத்தில் புதுத் தளிர் விட்டிருந்தால் அது பச்சையே இல்லை, செம்பு. கவ்வாத்து வெட்டிய பத்தி ஒன்று நடுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்: குச்சியும் மண்ணுமாகச் செம்பழுப்பு. அந்தச் செம்பழுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் மற்றப் பத்திகளின் பச்சை இரண்டு மடங்கு கூவுகிறது. ஷெவ்ரோல் கோபலினில் கண்டதை நம் மேஸ்திரி ஒவ்வொரு கவ்வாத்துப் பருவத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்படியானால் தீட்டுவது எப்படி? பெட்டியில் இருக்கும் ஆயத்தப் பச்சையை எடுத்து அம்மாவிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். கொழுந்துக்கு லெமன் மஞ்சளை எடுத்து, அதில் பிரஷ்யன் நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டு விடுங்கள். நுனியால்தான், பிரஷ்யன் நீலம் விட்டால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முற்றிய இலைக்கு அல்ட்ராமரின் நீலமும் காவி மஞ்சளும். அது அடங்கிய பச்சையாக வரும். ஏன் அடங்கி வருகிறது? அல்ட்ராமரினில் கொஞ்சம் சிவப்புச் சாயல் ஒளிந்திருக்கிறது. காவி மஞ்சளிலும் இருக்கிறது. பச்சையின் எதிரி சிவப்பு. அந்த மறைந்த சிவப்பு பச்சையின் கூச்சலை உள்ளேயே அடக்கிவிடுகிறது. நிழலுக்கு? கறுப்பையும் மஞ்சளையும் கலந்து பாருங்கள். நீலமே சேராமல் ஆலிவ் பச்சை பிறக்கும்! நம்ப மாட்டீர்கள். இன்றிரவே கலந்து பாருங்கள்.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'ஐயா, போனில் சிவப்பு, பச்சை, நீலம்தான் அடிப்படை நிறங்கள் என்று போட்டிருக்கிறது. நீங்கள் மஞ்சள் என்கிறீர்களே?' போன் திரை ஒளியோடு ஒளியைக் கூட்டுகிறது. கூட்டக் கூட்ட வெளுக்கும். நாம் சாயத்தோடு சாயத்தைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு சாயமும் தன் பங்குக்கு ஒளியைக் குடித்துக்கொள்ளும். சேர்க்கச் சேர்க்க இருளும். இரண்டும் உண்மை. திரையில் கற்றதைத் தாளில் தேடினால் மட்டும் சேறுதான் கிடைக்கும்.

தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். நடக்கிற வேகத்தில் கை போய் விழுகிறதே, இது பறிக்க வேண்டிய இலை, இது விட வேண்டிய இலை என்று, அதை எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்? நிறத்தை வைத்துத்தானே? ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் உள்ள நூலளவு வித்தியாசத்தைப் பொழுதெல்லாம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்த உங்கள் தாய் தகப்பன்கள் கொண்டுவந்த கண் அது. ஓவியக் கல்லூரியில் இதைக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருடக்கணக்கில் சிரமப்படுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சொத்தோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள்.

தேயிலை ஆலைக்குள் போனால் இன்னொரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். பச்சை இலை வாடுகிறது, உருட்டப்படுகிறது, காற்றுப் பட்டுச் செம்பு நிறத்துக்கு வருகிறது, சூடு பட்டதும் கறுக்கிறது. அதே தூளில் வெந்நீர் ஊற்றினால் மறுபடி நிறம் திறக்கிறது. தியாஃபிளேவின் என்ற பொருள் பொன் ஆரஞ்சுப் பளபளப்பைத் தரும், தியாரூபிஜின் செம்பழுப்பைத் தரும். சுவைத்துப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது சாற்றின் நிறத்தைத்தான். அவர் முன்னால் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஏன் வெள்ளை? ஊதாக் கிண்ணத்தில் ஊற்றினால் தேநீரின் மஞ்சள் தூக்கிக் காட்டும், சிவப்புக் கிண்ணத்தில் ஊற்றினால் மங்கும். மதிப்பிட வந்தவருக்கு அண்டை வீட்டுக்காரர் குறுக்கே பேசக் கூடாது!

பச்சை போதும். நீலத்துக்கு வருகிறேன்.

ஊசிமலைப் பக்கம் நின்று கூடலூர்ப் பள்ளத்தைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். கால்மாட்டில் இருக்கும் சரிவு பச்சை. அதற்கடுத்த மலை நீலப்பச்சை. அதற்கப்பால் முதுமலைக் காடு நீலம். அதற்கும் அப்பால் வெறும் வெளிர்நீலக் கோடு. அங்கே போய்ப் பார்த்தால் நீல மரம் ஒன்றாவது இருக்குமா? இருக்காது. நமக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றுதான் நீலம். காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. தொலைவு கூடக் கூட, நடுவில் உள்ள நீலக் காற்றும் கூடுகிறது. வானம் நீலமாவதற்கும் அதே காரணம்தான்.

ஆனால் மதியம் மூன்று மணிக்கு மஞ்சு ஏறி வருகிறதே, அது ஏன் வெள்ளை? அதுவும் காற்றில் மிதப்பதுதானே? மஞ்சில் இருப்பவை நீர்த்துளிகள். ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. அவை நீலம், சிவப்பு என்று பார்க்காமல் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடித்துவிடும். எனவே வெள்ளை. ஒரே மலை, ஒரே நாள், காலையில் நீலத் திரை, மாலையில் வெள்ளைத் திரை. கோடை வெயிலிலேயே வாழும் சமவெளி ஓவியனுக்கு இந்தப் பாடம் இத்தனை சுலபமாக வாய்க்காது.

இந்தச் சிதறலைப் பற்றிப் பேசும்போது திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமனை விட்டுவிட்டுப் போக முடியுமா? 1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று அதுவரை பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் ஒரு சிறு நிக்கோல் பட்டகத்தை வைத்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போயிற்று; நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்த வழியில் நடந்துதான் 1930இல் நோபல் பரிசு வரை போனார். 'ஏன் நீலம்?' என்று பார்த்ததையே திரும்பப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

ஓவிய மாணவன் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? தூரத்து மலைக்குப் பெட்டி நீலத்தைப் பூசிவிடாதே. தொலைவு என்பது மூன்று மாற்றம்: நீலம் கூடும், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி குறையும், மஞ்சளும் சிவப்பும் முதலில் காணாமல் போகும். மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் மலை பின்னால் போகும். மஞ்சுக்கு வெள்ளையைக் குழைத்துப் பூசாதே. அல்ட்ராமரினும் சுட்ட காவியும் கலந்தால் அருமையான சாம்பல் வரும், அதை நீர்க்க விட்டுத் தாளின் வெள்ளையையே மஞ்சாக்கு. மஞ்சு நமக்காகக் காத்திருக்குமா? பத்து நிமிடத்தில் காட்சியே போய்விடும். அதற்கும் வழி இருக்கிறது. 1874இல் எட்வர்ட் லியர் என்ற ஆங்கில ஓவியர் ஊட்டிக்கும் குன்னூருக்கும் வந்தார். அவருடைய பழக்கம், பென்சிலால் வேகமாகக் கோடு போட்டுவிட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிவைப்பது. வண்ணம் பிறகு, நிதானமாக. நீங்களும் செய்யுங்கள். 'இங்கே சாம்பல், ஆனால் பக்கத்துப் பச்சையைவிடச் சூடு' என்று எழுதிவையுங்கள். எழுதினால்தான் பார்த்தோமா இல்லையா என்பது தெரியும்.

இனி, வேறு எந்த ஊரிலும் நான் சொல்ல முடியாத ஒன்றை இந்த ஊரில் சொல்லப்போகிறேன்.

நடுவட்டம் என்றால் சிங்கோனா. 1860களில் மெக்ஐவர் இந்த மலையில் சிங்கோனாவை வேரூன்ற வைத்ததும், தென்னமெரிக்காவிலிருந்து அந்த மரம் வந்ததும், சீனக் கைதிகளை அடைத்த சிறை இங்கே இருந்ததும், குயினைன் ஆலை நடந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலேரியாவுக்கு மருந்து, அதற்காக மரப்பட்டை. கதை அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. ஓவியப்பெட்டிக்குள் இருக்கும் பாதி நிறங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே மரம் நடுவதற்குச் சில வருடம் முன்பு, 1856இல், லண்டனில் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், இதே குயினைனைச் சோதனைக்குழாயில் செய்துவிடலாம் என்று வீட்டிலேயே முயன்றுகொண்டிருந்தான். பட்டை வேண்டாம், மரம் வேண்டாம், தாரிலிருந்தே செய்யலாம் என்பது கணக்கு. குயினைன் வரவில்லை. கறுப்பாக ஒரு கசடு வந்தது. கழுவப் போனால் அதிலிருந்து ஊதா நிறம் இறங்கியது. பட்டுத்துணியில் தோய்த்தான், பிடித்துக்கொண்டது. அதுதான் மாவ், உலகத்தின் முதல் பெரும் செயற்கைச் சாயம். 1858இல் விக்டோரியா ராணியே மகள் கல்யாணத்தில் அந்த நிறத்தில் உடுத்தினார். அதற்குப் பிறகு சாயங்கள் வரிசைகட்டி வந்தன. 1868இல் அலிசரினையும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். உங்கள் பெட்டியில் அலிசரின் கிரிம்சன் என்று ஒரு குழல் இருக்கிறதே, அந்த அலிசரின்தான். நம் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேரில், இம்பூறல் வேரில், இயற்கையாக இருந்தது அது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த வேர். செயற்கை அலிசரின் வந்ததும் சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரித் தொழில் சரிந்தது. குழலைப் பிதுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது மேடைக்கு அழகாக இருக்கும். தீட்டும்போது நினைக்க வேண்டாம். தீட்டுவதற்கு முன்பு தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்று. தம்பி, அந்த விளக்கை அணையுங்கள். இது ஊட்டிக் கடையில் வாங்கிய டானிக் வாட்டர். கசப்புக்காகக் கொஞ்சம் குயினைன் கலந்தது. கண்ணுக்குத் தண்ணீர்தான். இது கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. இப்போது அடிக்கிறேன். தெரிகிறதா? பாட்டில் முழுக்க நீலம்! உங்கள் ஊர்ப் பட்டையிலிருந்து எடுத்த அதே மருந்துப் பொருள்தான் இந்த நீலத்தைக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது குடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது. 1845இல் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் இந்த நீலத்தைப் பார்த்து வியந்து எழுதினார். 1852இல் ஸ்டோக்ஸ் காரணத்தை விளக்கி, ஒளிர்வுக்கு இன்று உலகமே வழங்கும் பெயரையும் வைத்தார். விளக்கைப் போடுங்கள். எங்கே நீலம்? பாட்டிலில் மறுபடி வெறும் தண்ணீர். பொருள் மாறவில்லை, அதன் மேல் விழும் ஒளி மாறியது. நிறத்துக்கு அண்டை வீட்டுக்காரர் என்று நான் சொன்னதில் ஒளியும் சேர்த்தி. குழல்விளக்கின் கீழ் கலந்த வண்ணத்தை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்து மாணவர்கள் திகைப்பது இதனால்தான்.

கடைசியாக மண்.

சித்தன்னவாசலுக்குப் போனவர்கள் உண்டா? புதுக்கோட்டைப் பக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமரைக்குளம் அந்தக் குகையின் விதானத்தில் இருக்கிறது. அந்த ஓவியன் கையில் எத்தனை குழல் இருந்தது? சுண்ணாம்பு வெள்ளை, கரி, மஞ்சள் காவி, சிவப்புக் காவி, பச்சை மண், நீலக்கல். கைவிரல்களுக்குள் அடங்கும். இருப்பது குறைவென்றால் அண்டை நிறத்தை நம்பித்தான் ஆக வேண்டும். நம் மலையிலேயே, கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில், ஆலு குறும்பர்கள் செம்மண்ணையும் இலைச்சாற்றையும் மரப்பிசினையும் வைத்துப் படம் வரைகிறார்கள். தோடர்கள் இன்னும் சிக்கனம். வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான் பூத்துக்குளி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. புல்வெளியில் அதைப் போர்த்தியவர் நடந்து போனால் எத்தனை தூரத்திலிருந்தும் அந்தச் சிவப்பு தெரியும். சுற்றிலும் இருக்கும் பச்சை அதைத் தூக்கிப் பிடிக்கிறது.

இந்தச் சிக்கனத்தைச் சென்னை ஓவியர்களிடமும் பார்த்திருக்கிறோம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே படித்த கே.எம். ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்கள் முதலில் அறிந்தது கறுப்புக் கோடுகளால். காந்தியை எத்தனை விதமாகக் கோட்டில் வரைந்தார்! பிறகுதான் பரந்த வண்ணப் பரப்புகளுக்குள் போனார். அந்த வண்ணங்கள் ஏன் குழம்பாமல் நிற்கின்றன என்று கேட்டால், என் கணிப்பு இது: கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்பது அந்தக் கைக்கு முன்பே தெரியும். உங்கள் படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மலை எது, வானம் எது என்று தெரியவில்லையென்றால் நிறத்தில் பிழை தேடாதீர்கள்; வெளிச்சமும் நிழலும் தவறியிருக்கிறது.

'இதெல்லாம் சோறு போடுமா?' என்று பின்வரிசையில் ஒரு தகப்பனார் முகத்தில் எழுதியிருக்கிறது. நியாயமான கேள்வி. துணி ஆலை, அச்சகம், திரைப்படம், தேயிலைச் சுவைப்பு, எல்லாவற்றிலும் நிறம் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

பேச்சு போதும். அந்த மேஜையில் மண்ணெண்ணெய் அடுப்பும் பழைய இரும்புச் சட்டியும் வைத்திருக்கிறேன். பையில் மஞ்சள் காவி மண். மஞ்சளுக்குக் காரணம் அதிலுள்ள கோதைட் என்ற இரும்புக் கனிமம். ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரால் வழங்குவது. 1810இல் நிறங்களைப் பற்றி நியூட்டனோடு மல்லுக்கட்டிப் பெரிய நூல் எழுதிய அதே கோதே! சட்டியில் வறுத்தால் அதிலுள்ள நீர் வெளியேறும், மஞ்சள் மண் சிவப்பு மண்ணாகும். வறுத்ததை ஆறவிட்டு, அரைத்து, வேலம்பிசின் கரைசலில் குழைத்தால் உங்கள் கையாலேயே செய்த சுட்ட காவி. வறுத்த சிவப்பு, வறுக்காத மஞ்சள், கொஞ்சம் கரி, தாளின் வெள்ளை: இந்த நாலை மட்டும் வைத்து வெளியே தெரியும் சரிவைத் தீட்டுங்கள். கரியும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன வரும் என்று சொல்லியிருக்கிறேன். தூரிகைகள் குறைவாகத்தான் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும். சட்டி சுடும், அடுப்புப் பக்கம் பெரியவர்கள் ரெண்டு பேர் நில்லுங்கள்.